அவுட்டோர் கிச்சன் கட்டப் போறீங்களா? முதல்ல பிளானை எடுத்துப் பாருங்க



மொட்டை மாடியிலயோ, வீட்டுக்குப் பின்னாடி காலி இடத்துலயோ ஒரு அவுட்டோர் கிச்சன். கிரானைட் மேடை, சிங்க், பார்பிக்யூ அடுப்பு, மேல ஷீட் கூரை. கொட்டேஷன் 2.5 லட்சம்னு வெச்சுக்குவோம். அந்தக் கொட்டேஷன்ல வராத ஒரு செலவு இருக்கு. வீட்டை விக்கும்போதுதான் அது வெளியே வரும்.

வாங்க வர்றவர் பெரும்பாலும் ஹோம் லோன் போடுவார். பேங்க் அனுப்புற வேல்யூவர், அப்ரூவ்டு பிளானையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிளான்ல இல்லாத பகுதிக்கு மதிப்பு போடாம விடலாம். விதிமீறல்னு ரிப்போர்ட்ல எழுதிட்டா லோனே நின்னு போகலாம். அதைக் காட்டி வாங்குறவர் 4 லட்சம் குறைச்சுக் கேட்டா, உங்க கிச்சனோட உண்மையான விலை 6.5 லட்சம்.

2024 டிசம்பர்ல, மீரட் கட்டடம் ஒன்று பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியிருக்கு. கட்டட நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகுதான் கட்டடத்தின் மேல் கடன் தரணும்னு பேங்க்குகளுக்கு உத்தரவு. கட்டிப் பல வருஷம் ஆச்சு, நிறைய பணம் போட்டாச்சு என்பதால் விதிமீறல் சரியாகிவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லுது.

எங்கே சிக்கல் வரும்?

நகர்த்தி வைக்கக்கூடிய அடுப்பும் மேசையும் கட்டுமானம் இல்லை. சுவரும் நிரந்தரக் கூரையும் வந்தாத்தான் கேள்வி எழும். நம்ம ஊர்ல இதுக்கான சட்டப் புத்தகம், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

செட்பேக் என்பது வீட்டைச் சுத்தி திறந்தே இருக்க வேண்டிய இடம். சமையல்கட்டு கட்ட அதுதான் மோசமான இடம். மாடியில கூரை போட்டா எஃப்எஸ்ஐ கணக்கும், கட்டட உயரமும் பார்க்கணும். அபார்ட்மென்ட்னா மொட்டை மாடி பொதுவா எல்லாருக்கும் சொந்தமான இடம். மேல் மாடி வீடு உங்களுது என்பதால மட்டும் மாடி உங்களுது ஆகாது.

"சொத்து வரி கட்டுறேனே, போதாதா?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. போதாது. வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது.

வரிக் கணக்கு

நீங்க குடியிருக்கிற வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும்தான் வட்டிக் கழிவு. புதிய முறையில அதுவும் கிடையாது. ஆனா நிரந்தரமா கட்டின கிச்சனோட செலவை, வீட்டை விக்கும்போது மூலதன ஆதாயத்துல மேம்பாட்டுச் செலவா கழிக்கலாம். அதுக்கு பில்லும் பேங்க் டிரான்ஸ்ஃபர் ஆதாரமும் வேணும். கையில கொடுத்த கேஷுக்கு நிரூபணம் கஷ்டம்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

1. அப்ரூவ்டு பிளான் நகலோட லைசென்ஸ் உள்ள இன்ஜினீயரைப் பாருங்க. அனுமதி தேவைன்னா, வாங்கின பிறகு வேலையைத் தொடங்குங்க.

2. வீட்டு மேல லோன் ஓடுதுன்னா, கட்டுமானத்தை மாத்த பேங்க் சம்மதம் வேணுமான்னு லோன் அக்ரிமென்ட்டைப் படிங்க. அபார்ட்மென்ட்னா அசோசியேஷன் சம்மதத்தை எழுத்துல வாங்குங்க.

3. புதுசா வீடு கட்டப் போறீங்கன்னா, கிச்சனை முதல் பிளான்லயே சேருங்க. 2,500 சதுர அடி வரையிலான மனையில 3,500 சதுர அடி வரை கட்டுற வீட்டுக்கு, 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி கிடைக்குது.

அனுமதி கிடைக்காதுன்னு தெரிஞ்சா? கூரை இல்லாம, நகர்த்தற மாதிரி அடுப்பு வெச்சுச் சமைங்க. வீடு மாறும்போது அதையும் கூடவே எடுத்துட்டுப் போகலாம்.