லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னால்

தேயிலைத் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போய்விடும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா, அறுபது வயதுக்கு அருகில் ஒரு நாள் சட்டென்று வீடற்றவராகிவிடுகிறார்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976இல் டான்டீ கழகமானது. 2022இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குப் போவதென்று ஆனபோது, ஓய்வு பெற்றும் லைன்களில் தங்கியிருந்த குடும்பங்கள் நடுங்கிப்போயின. ஒரே ஆயுளில் இரண்டு முறை எங்கே போவது என்று கேட்க நேர்வது பெரிய கொடுமை.

திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ சொல்கிறேன்: அம்மா உங்களோடு வரமாட்டேன் என்றால் பிடிவாதம் என்று கோபப்படாதீர்கள். அவருக்குத் தெரிந்த உலகம் அந்த மலைதான். முதலில் அவருடைய காகிதங்களைப் பாருங்கள்.

ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். 30 நாளில் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இதுவே விதி. "சாவியைக் கொடு, பிறகு பணம்" என்று யாராவது சொன்னால், வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள். படித்துப் பார்க்காத தாளில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100.

பெற்ற பிள்ளைகளே வெளியே தள்ளியிருந்தால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பராமரிப்புத் தொகை பெற முடியும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய வீட்டின் பத்திரத்தையும், அந்த நிபந்தனை இருந்தால், ரத்து செய்யலாம்.

வீடிழந்தவர் மனநிலை குலைந்து தெருவில் அலைகிறார் என்றால் காத்திருக்கவே கூடாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி ஒரே இரவில் உயிரைப் பறித்துவிடும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காவல் நிலையத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567.

புது இடம் உறுதியாகும் வரை ரேஷன் அட்டையில் பழைய முகவரி அப்படியே இருக்கட்டும். அட்டை, ஆதார், பி.எஃப். தாள் மூன்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். உங்கள் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள்.