பாட்டும் பழியும்



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் படித்து இப்போது கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருத்தி என் இல்லத்திற்கு வந்தாள். நலம் உசாவிய பின்னர்ச் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “ஐயா, ஒரு பாடகரின் பாட்டைச் சிறு வயது முதல் கேட்டு வருகின்றேன். தேர்வுக் காலத்தில் எனக்குத் துணையாக இருந்தது அந்தக் குரல்தான். இப்போது அவர்மேல் கொடிய குற்றச்சாட்டு வந்திருக்கின்றது. இனி அந்தப் பாட்டைக் கேட்பது தவறா? அதனைக் கேட்காமல் ஒதுக்குவது அநியாயமா?” என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை. “ஞாயிற்றுக்கிழமை வா அம்மா, பேசுவோம்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நான் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

இவ்வினா புதியதன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டில் வீடுதோறும் இதே வினா எழுந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் 1934ஆம் ஆண்டில் ‘பவளக்கொடி’ படத்தின் வாயிலாகத் திரையுலகிற்கு வந்தவர். ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என ஒவ்வொரு படமும் அவர் புகழை உயர்த்தியது. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரியில், பத்திரிகையாளர் சி. என். லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் செல்லும்போது கத்தியால் குத்தப்பட்டார்; மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்னும் ஏட்டையும், பின்னர் ‘இந்து நேசன்’ என்னும் ஏட்டையும் நடத்தியவர். திரைப்படக் கலைஞர்களின் சொந்த வாழ்வைப் பற்றிய அவதூறுகளே அவற்றின் சரக்கு. கொலைக்குச் சதி செய்தனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதம் ஜூரிமார்களின் பெரும்பான்மை முடிவின்படி ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயன் தரவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை செய்யப்பட்டனர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையில் கழித்துவிட்டனர்.

என் பாட்டனார் கும்பகோணத்தில் ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். பாகவதர் பாட்டென்றால் அவருக்கு உயிர். 1945இல் தண்டனைச் செய்தி வந்த அன்று, பாகவதரின் இசைத்தட்டுகளை ஒரு துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாராம். 1947இல் விடுதலைச் செய்தி வந்ததும் அவற்றை வெளியே எடுத்து, கிராமபோனில் வைத்துக் கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு, “பாட்டில் ஒன்றும் கூடவும் இல்லை, ஒன்றும் குறையவும் இல்லை. இரண்டு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தது எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை” என்று சொன்னதாக என் தந்தையார் கூறுவார். அவர் அப்போது பதினைந்து வயதுப் பையன்.

பாட்டனார் இசைத்தட்டைப் பெட்டியில் வைத்தாரே, அதே காலத்தில் சென்னை பிராட்வே திரையரங்கில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று அதனை இன்றும் சொல்கின்றோம். முதல் தீபாவளியில் அதன் நாயகர் நாடு போற்றும் நட்சத்திரம். இரண்டாம் தீபாவளியிலும் மூன்றாம் தீபாவளியிலும் அவர் சிறைக் கைதி. படச்சுருளோ ஒன்றுதான். கைது செய்யப்பட்ட நாளில் அதில் அபசுரம் தோன்றவில்லை. விடுதலையான நாளில் அதற்குப் புதிய இனிமை ஏற்படவும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஒருவர்மேல் குற்றம் சாட்டப்படும்போது நம்முன் மூன்று வினாக்கள் நிற்கின்றன. குற்றம் உண்மைதானா என்பது முதலாவது. உண்மையாயின் அவரை என்ன செய்வது என்பது இரண்டாவது. அவருடைய கலை எத்தகையது என்பது மூன்றாவது. முதல் வினாவிற்குச் சான்றுகள் விடை கூற வேண்டும். இரண்டாவதற்குச் சட்டமும் சமுதாயமும் விடை கூற வேண்டும். மூன்றாவதற்குச் செவியும் கண்ணும் கல்வியும் விடை கூற வேண்டும். ஒரு வினாவின் விடையைக் கொண்டுபோய் மற்றொன்றின்மேல் ஒட்டும்போதுதான் தவறு பிறக்கின்றது.

மக்களின் ஆதரவையும் தீர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். விடுதலைக்குப் பின் பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ முதலிய படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். அவரோடு ஒரே வழக்கில் நின்று, ஒரே தண்டனை பெற்று, ஒரே தீர்ப்பில் விடுதலையான கிருஷ்ணனோ, ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ முதலிய படங்களால் மீண்டும் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றார். ஒருவரைக் குற்றவாளி என்றும் மற்றவரை நிரபராதி என்றும் மக்கள் கருதியதால் இவ்வேறுபாடு உண்டாயிற்றா? அன்று. பாட்டு மிகுந்த படங்களின் காலம் குறைந்து, உரையாடல் மிகுந்த படங்களின் காலம் பிறந்துவிட்டது. சுவை மாறியது, அவ்வளவே. வீழ்ச்சி குற்றத்திற்குச் சான்றாகாது. வெற்றி தூய்மைக்குச் சான்றாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வழக்கைப் பற்றிப் பேசுவோர் பாகவதர் இழந்ததைப் பற்றிக் கண்ணீர் விடுகின்றார்கள். கொலையுண்ட மனிதரைப் பற்றி நினைப்போர் அரியர். அவர் எழுதியவை இழிந்தவையாக இருக்கலாம். எனினும் அவரும் ஓர் உயிர். புகழ் மிக்கவர் ஒரு பக்கம் நிற்கும்போது, மறுபக்கம் நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

“பாகவதர் நிரபராதி என விடுதலையானவர். உண்மையிலேயே குற்றம் செய்த கலைஞராயின் என்ன செய்வது?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1606ஆம் ஆண்டு உரோமை நகரில் ஒரு சண்டையில் ரனூச்சியோ தொமஸ்ஸோனி என்பவரைக் கொன்றார். நகரை விட்டு ஓடி, நேப்பிள்ஸ், மால்ட்டா, சிசிலி என அலைந்து, 1610இல் இறந்தார். ஆயினும் உரோமையில் ஒரு தேவாலயத்தில் உள்ள அவருடைய ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ என்னும் ஓவியத்தைக் காண இன்றும் மக்கள் செல்கின்றார்கள். இருளிலிருந்து ஒளியைப் பிரித்துக் காட்டும் முறையை அவரிடமிருந்து ஐரோப்பிய ஓவியர் பலர் கற்றனர். அவர் கொலை செய்தார் என்பதை ஓவியம் மாற்றாது. அவர் நன்கு வரைந்தார் என்பதைக் கொலையும் மாற்றாது. இரண்டும் உண்மை. நல்ல நூலாசிரியர் இரண்டையும் எழுதுகின்றார்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கரவாஜ்ஜோ மறைந்து நானூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நாம் அவருடைய ஓவியத்தைப் பார்ப்பதால் அவருக்குப் பணமும் சேராது, அதிகாரமும் சேராது. உயிரோடு இருப்பவர் நிலை அத்தகையதன்று. நாம் அளிக்கும் மேடையும் மாலையும் பட்டமும் அவரைச் சென்றடைகின்றன. அவற்றின் வலிமையால் அவர் மேலும் ஒருவருக்குத் தீங்கிழைக்கவும் கூடும். ஆதலின் கலையை ஆராய்வது வேறு; கலைஞரைக் கௌரவிப்பது வேறு. 2018ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் பெண்கள் பலர் தமக்கு நேர்ந்த தீங்குகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்போது சென்னை மியூசிக் அகாடமி, குற்றச்சாட்டுக்கு உள்ளான ஏழு கலைஞர்களை அவ்வாண்டு மார்கழி இசை விழாவிலிருந்து விலக்கி வைத்தது. அது நீதிமன்றத் தீர்ப்பன்று. அவர்களுடைய இசை தரம் குறைந்தது என்னும் விமரிசனமும் அன்று. மேடை யாருக்கு என்பது பற்றி ஒரு சபை எடுத்த முடிவு. மேடை என்பது பிறப்புரிமை அன்று, ஒரு சபை தரும் மதிப்பு என்பதை நாம் உணர வேண்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில், ஒருவருடைய குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, பின்னர் மிகுதி எது என்று காணுமாறு கூறினார். பலர் இதனை, “பத்து நல்ல பாட்டு ஒரு குற்றத்தை ஈடு செய்துவிடும்” என்பது போலப் பொருள் கொள்கின்றார்கள். அது பிழை. ஒரு பொறுப்பிற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றிய அதிகாரம் அது. பாட்டின் இனிமை மனிதரின் குணமாகிவிடாது.

இதை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன். தவறு செய்து கற்றேன். இப்போது அதனைச் சொல்ல வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் நான் ஒரு பள்ளியில் வகுப்பாசிரியராக இருந்தேன். ஆண்டு விழா நாடகங்களைப் பயிற்றுவிக்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். கலையில் வல்லவர். அவர் பயிற்றுவித்த நாடகத்தைப் பார்த்து நானே கண்ணீர் விட்டிருக்கின்றேன். ஒரு நாள் என் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, இனி நான் ஒத்திகைக்குப் போகமாட்டேன். அவர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொள்கின்றார்” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவர் எவ்வளவு பெரிய கலைஞர் அம்மா! நீ தவறாகப் புரிந்துகொண்டிருப்பாய்” என்றேன். அவள் தலை குனிந்து போய்விட்டாள். அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறிச் சென்றுவிட்டாள்.

நான் அவளிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை, தலைமையாசிரியரிடமும் தெரிவிக்கவில்லை. அன்று நடந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமற் போனதற்கு நானே காரணம். என் பாட்டனார் குற்றச்சாட்டைக் கேட்டுப் பாட்டைத் தண்டித்தார். நான் கலையைப் பார்த்துக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தேன். பாட்டனாரின் தவறு ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது. என் தவறு ஒரு பெண் குழந்தையின்மேல் விழுந்தது. 2012ஆம் ஆண்டில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. இத்தகைய செய்தியை அறிந்தவர் அதனை உரியவரிடம் தெரிவிப்பதை அது கடமையாக்கியது. அச்சட்டத்தைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் நான் விளக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் குனிந்த தலைதான் என் நினைவிற்கு வரும்.

இளைஞர்களே, ‘இந்து நேசன்’ ஓர் ஏடு. அச்சிடவும் விற்கவும் ஆள் வேண்டியிருந்தது. இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி என்னும் பெயரில் ஓர் அச்சகமே இருக்கின்றது. ஒருவர்மேல் வந்த பழியை விசாரியாமல் பரப்புவதும் எளிது. பழி சொன்னவரைப் பலர் கூடி இழிவுபடுத்துவதும் எளிது. நம் சட்டம், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றவாளி எனக் கொள்வதில்லை. அது நல்ல நெறி. ஆனால் அதன் பொருள், முறையிட்டவரைப் பொய்யர் எனக் கொள் என்பதன்று. இரண்டு நெறிகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்வது கடினந்தான். கடினமானவற்றைச் செய்யப் பழகுவதற்குத்தானே கல்வி?

என் மாணவியிடம் இறுதியாக நான் கூறியது இது: “அந்தப் பாட்டைக் கேட்பதும் விடுவதும் உன் உரிமை. கேட்க மனம் ஒப்பவில்லையெனில் கேளாதே. யாரும் உன்னைக் குறை கூற இயலாது. கேட்டாயெனில் அதற்காக வெட்கப்படவும் வேண்டா. தேர்வுக் காலத்தில் அது உனக்குத் துணை நின்றது பொய்யாகிவிடாது. ஆனால் ஒன்று மட்டும் செய்யாதே. ‘இவ்வளவு இனிமையாகப் பாடுபவர் தவறு செய்வாரா?’ என்று ஒருபோதும் சொல்லாதே. பாட்டு சாட்சி சொல்லாது, அம்மா. அந்தக் குற்றச்சாட்டைக் கூறிய பெண்ணும் உன்னைப்போல் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவளாக இருக்கலாம். அவள் சொல்வதை முதலில் கேட்கட்டும் இந்த உலகம்.”

அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கள் வகுப்பில் இருந்த அந்த அக்காவை நீங்கள் பிறகு பார்த்தீர்களா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன். அவர் எங்கேனும் இவ்வுரையைக் கேட்க நேர்ந்தால், அன்று கேட்காமல் விட்டதற்காக இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கின்றேன்.