சிறிய திரையும் பெரிய எண்ணும்



எண் பெரிதாயின் பொருளும் சிறந்ததாகும் என்பது கடைத்தெருவில் வேரூன்றிய நம்பிக்கை. தொலைக்காட்சியைப் பொறுத்தவரை அஃது எவ்வளவு உண்மை என்பதை இன்று ஆராய்வோம்.

32 அங்குலப் பெட்டியோடு இணைக்கும் செட்டாப் பெட்டி, ‘720 பி’, ‘1080 ஐ’, ‘1080 பி’ என்னும் அளவுகளைக் காட்டி, எது வேண்டும் என்று வினவுகிறது. “பெரிய எண்ணை வைத்தும் பாடத்தின் சிற்றெழுத்துக்கள் தெளிவாக இல்லையே; புதிய பெட்டி வாங்குமாறு அப்பாவிடம் சொல்லட்டுமா?” என்று எங்கள் தெரு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். ஒரு குடும்பத்தின் சேமிப்பைப் பற்றிய வினா இது. அளந்தே விடை கூறுதல் வேண்டும்.

திரை என்பது எண்ணற்ற ஒளிப்புள்ளிகளின் அணிவகுப்பு. 720 பி படத்தில் வரிக்கு 1,280 புள்ளிகளாக 720 வரிகள் உள்ளன. 1080 படத்தில் வரிக்கு 1,920 புள்ளிகளாக 1,080 வரிகள். ஆனால் 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றின் திரையில் இருப்பவையோ வரிக்கு 1,366 புள்ளிகளாக 768 வரிகளே. இவ்வெண்ணிக்கை ஆலையிலேயே அமைந்துவிட்டது. எவ்வளவு பெரிய படத்தை அனுப்பினும் ஒரு புள்ளியும் கூடாது.

ஆகவே வரும் படத்தைப் பெட்டி தன் அளவுக்கு மாற்றிக்கொள்கிறது. கட்டம் போட்டுத் தேசப்படம் வரைந்திருப்பீர்கள். பெரிய படத்தைச் சிறிய கட்டத்தில் வரைந்து, அதைப் பார்த்து மீண்டும் பெரிதாக வரைந்தால், முதலில் விடுபட்ட சிற்றாறுகள் திரும்பி வருமா? வாரா. 1080 வரிப் படத்தை இணைப்புக் கருவி 720 ஆகச் சுருக்க, பெட்டி அதனை 768 ஆக விரித்தால் நேர்வதும் இதுவே. மாற்றம் ஒருமுறையே நிகழ்தல் நன்று. எனவே 1080 படத்தை 1080 ஆகவும், 720 படத்தை 720 ஆகவும் அனுப்புக. பின்னதில் 15 வரிகளை 16 ஆக்குவதே பெட்டியின் வேலை.

‘பி’ என்பது எல்லா வரிகளையும் ஒருசேரத் தரும் முறை. ‘ஐ’ என்பது ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் தரும் முறை. விரைந்தோடும் பந்தில் இவ்விரு பாதிகளும் பொருந்தாது போகலாம். அமெரிக்காவில் விளையாட்டை மிகுதியாக ஒளிபரப்பும் ஈ.எஸ்.பி.என். 720 பி முறையையும், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்கள் 1080 ஐ முறையையும் தேர்ந்தன. வல்லுநரும் ஒரே எண்ணைத் தேர்ந்திலர் என்பது கருதத்தக்கது.

இனி நம் கண்ணின் எல்லையைக் காண்போம். நல்ல கண் பிரித்தறியும் நுண்கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. ஒரு பொருள் தன் அகலத்தைப்போல் ஏறத்தாழ 3,440 மடங்கு தொலைவில் இருக்கையில் அக்கோணமே தோன்றும். மேற்கூறிய திரையின் புள்ளி அகலம் சுமார் 0.52 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 1.8 மீட்டர், அஃதாவது ஆறடி வரும். பத்தடி தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு 768 வரிகளின் நுட்பமே முழுதும் தெரியாது. 1,080 வரிகளால் அவர் பெறும் பயன் யாது?

ஆதலின் முதலில் கையேட்டில் திரையின் புள்ளிக்கணக்கைப் பாருங்கள். 1,920-க்கு 1,080 என்றிருப்பின் 1080 பி வைத்துவிடலாம். 1,366-க்கு 768 என்றிருப்பின், நிகழ்ச்சி எவ்வளவில் வருகிறதோ அவ்வளவையே வையுங்கள். கணிப்பொறியை இணைத்தால், பெட்டி ஏற்குமாயின், 1,366-க்கு 768 என்றே அனுப்புங்கள்; அப்போது மாற்றமே தேவையில்லை. சில பெட்டிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகின்றன. எழுத்து மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பட அமைப்பில் அதனை நிறுத்திவிடுங்கள். பின்னர் நாற்காலியை ஆறடிக்கு நகர்த்துங்கள்.

இவற்றைச் செய்து பார்த்தபின் புதிய பெட்டியைப் பற்றி எண்ணலாம். திரையின் அளவு, படத்தின் அளவு, கண்ணின் தொலைவு ஆகிய மூன்றையும் அறியாமல் எண்ணை மட்டும் நம்பிப் பணம் செலவிடுதல் அறிவுடைமை ஆகாது.