உங்களுக்குத் தெரியுமா? நோய் ஒருவருக்கு, சாயல் உறவினருக்கும்!

பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்க வைக்கும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) சாயல், அந்த நோயே இல்லாத நெருங்கிய உறவினர்களிடமும் ஒளிந்திருக்கலாம்!

2007-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணினியில் ஒரு சோதனை வைத்தார்கள். திரையில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கப் பொத்தானைச் சட்டென்று அழுத்த வேண்டும். 'பீப்' ஒலி கேட்டாலோ, அழுத்தப் போன விரலை நிறுத்திவிட வேண்டும். விரலை நிறுத்த நோயாளிகளுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது, அது எதிர்பார்த்ததுதான். கை கழுவும் தொல்லையோ பூட்டைச் சோதிக்கும் தொல்லையோ இல்லாத அவர்களுடைய உறவினர்களும் அப்படியே தாமதித்தார்கள். அதுதான் வியப்பு. நடுவில் விதி மாறும் வேறொரு சோதனையிலும் இரு தரப்பும் தடுமாறின. மறு ஆண்டு வெளிவந்த மூளை ஸ்கேன் ஆய்வில், கண்குழிக்கு மேலுள்ள நெற்றிப்புற மூளை இரு தரப்பிலும் மந்தமாக இயங்கியது தெரிந்தது.

இதற்கெல்லாம் ஒரே மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த 2025-ஆம் ஆண்டு ஆய்வு, மரபுத்தொகுதியில் 30 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அண்ணனுக்கு இருக்கிறதே என்று தம்பி பயப்பட வேண்டாம். நோயாளிகளின் உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.