டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள்

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செம்பரம்பாக்கத்தை அடுத்த குயின்ஸ்லாண்ட் பூங்காவுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. போனஸ் வந்ததும் குல்மார்க், மணாலி என்று பனிமலைக்கே பேக்கேஜ் போடுபவர்களும் உண்டு. ராட்டினமோ, ரோப் காரோ, பனிச்சறுக்கோ, நுழைவாயிலில் கைக்கு வருவது ஒரு துண்டுச்சீட்டு. பல இடங்களில் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

அந்த வரியை நம்பித்தான் பலர் அடிபட்டும் வாய்மூடித் திரும்புகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, காசு வாங்கிக்கொண்டு தரும் சேவையில் அலட்சியத்தால் இழப்போ காயமோ ஏற்பட்டால் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. அச்சடித்த ஒரு வரி அலட்சியத்துக்குக் கவசம் ஆகாது.

விபத்து என்று சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2012 செப்டம்பரில் இதே பூந்தமல்லி–செம்பரம்பாக்கம் பகுதியில் இருந்த ஒரு பூங்காவில், ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் ஊழியர்களை ஏற்றி நடந்த சோதனை ஓட்டத்தில் ஓர் உயிர் போனது. 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ராட்டினம் பழுதாகி, 30-க்கும் மேற்பட்டோர் சுமார் மூன்று மணி நேரம் அந்தரத்தில் தவித்தார்கள்; தீயணைப்பு வீரர்கள்தான் இறக்கினார்கள். குல்மார்க்கில் 2017 ஜூன் 25 அன்று காற்றில் சாய்ந்த மரம் ரோப் கார் கம்பியில் விழுந்து ஏழு பேர் பலியானார்கள்.

ஏறும் முன் பார்க்க வேண்டியது அதிகமில்லை. தோளுக்கு மேல் இறங்கும் லாக் ‘டக்’கென்று விழுந்ததா? ஊழியர் அதைக் கையால் இழுத்துப் பார்த்தாரா? உயர அளவுகோலைத் தொடாத குழந்தையை ‘பரவாயில்லை, ஏறட்டும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். பனிமலைக்குப் போகிறவர்கள் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். பல பாலிசிகளில் அது விலக்கு.

அடிபட்டுவிட்டால் முதலில் 108. மருத்துவமனையில் ‘ராட்டினத்தில் ஏற்பட்ட காயம்’ என்றே சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதவிடாதீர்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி) பிறகு பெரிய சாட்சி. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும், வேலையிடத்துக்கு வெளியே நடந்த விபத்தானாலும் மருத்துவ உதவி உண்டு. இது தெரியாமல் தனியார் மருத்துவமனையில் கடன்படுபவர்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் அனேகம். அலட்சியத்தால் மரணம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி போலீஸ் வழக்கும் பதியலாம்.

இழப்பீட்டுக்கு காஷ்மீர்வரை அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். டிக்கெட்டுக்கோ பேக்கேஜுக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

மனு தரக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஆனால் காசு கட்டியதற்குச் சாட்சியான டிக்கெட் தெர்மல் தாளில் அச்சடித்ததென்றால், அதில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெற்றுத்தாள் மிஞ்சும். வாங்கியவுடன், வரிசையில் நிற்கும்போதே, அதன் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள்.