‘எங்க ஜனங்களுக்காக ஹெல்த் படிப்பு படிக்கணும்’: தாம்பரம் மாணவர்கள் டிகிரியை எப்படித் திட்டமிடலாம்? முழு விவரம்

ஜார்க்கண்டின் ஜசிடியில் இருந்தும், அசாமின் சில்காட்டில் இருந்தும் கிளம்புகிற ரயில்கள் வந்து நிற்கிற கடைசி ஸ்டேஷன் தாம்பரம். இப்படி வந்து இறங்கியவர்கள்தான் ஓஎம்ஆர் பக்கம் கட்டடங்களைக் கட்டினார்கள், ஹோட்டல்களில் வேலை பார்த்தார்கள், கம்பெனிகளில் மெஷின் ஓட்டினார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே அரசுப் பள்ளியில் சேர்ந்து, தமிழில் படித்து, இப்போது ப்ளஸ் டூ வரை வந்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும், பக்கத்து ரூம் அண்ணனுக்கு இருமல் என்றாலும், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது இவர்கள்தான். டாக்டர் தமிழில் சொல்வதை ஒடியாவிலோ, இந்தியிலோ, வங்காளத்திலோ மாற்றிச் சொல்கிற வேலை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்துதான் அந்த ஆசையும் வருகிறது: “எங்க ஜனங்களுக்கு உதவுற மாதிரி ஏதாவது ஹெல்த் படிப்பு படிக்கணும்.”

இதே ஆசை இன்னொரு வீட்டிலும் உண்டு. அது ஈழத்தில் இருந்து வந்த தமிழ்க் குடும்பம். அங்கே மொழி தடை இல்லை. பேப்பர்தான் தடை.

இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேள்வி ஒன்றுதான். சொந்த மக்களின் தேவைக்கு ஏற்றபடி ஒரு டிகிரியை நாமே வடிவமைத்துப் படிக்க முடியுமா?

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் இதற்கு வழி இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளி, இந்தியானா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், மாணவரே ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலோடு பாடங்களைத் தேர்ந்தெடுத்துத் தனக்கான பட்டத்தைத் திட்டமிடலாம். பொது சுகாதாரம் கொஞ்சம், மானுடவியல் கொஞ்சம், ஒரு மொழி, கூடவே தன் சமூகத்தில் களப்பணி என்று கலந்து படிக்கலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு கோடு உண்டு. அப்படிப் படித்தவர் சுகாதாரத் திட்டங்களில் வேலை செய்யலாம். நர்ஸாகவோ டாக்டராகவோ ஊசி போட முடியாது. அதற்குத் தனிப் படிப்பு, தனி லைசென்ஸ்.

இந்தியாவில் ஏன் முடியாது?

இங்கே நோயாளியைத் தொடுகிற படிப்புகள் எல்லாம் ஏதாவது ஒரு ஆணையத்தின் கீழ் வருகின்றன. எம்பிபிஎஸ் படிப்புக்கு தேசிய மருத்துவ ஆணையம், நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில். மறுவாழ்வுத் துறைப் படிப்புகள் பலவற்றுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில். பாடத்திட்டத்தை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதில் மாணவர் கை வைக்க முடியாது.

லேப் டெக்னீசியன், பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கு 2021-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்று பெயர். இந்தச் சட்டப்படி துணை மருத்துவப் பணியாளர் ஆக குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். சுகாதாரத் தொழில்முறையாளர் ஆக குறைந்தது 3,600 மணி நேரம்.

பலருக்குத் தெரியாத விஷயம், மருத்துவச் சமூகப் பணியாளர், எச்ஐவி ஆலோசகர், சுகாதாரக் கல்வியாளர் ஆகியோரும் இந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். ‘சமூகத்துக்கு உதவணும்’ என்று நினைக்கும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பிரிவு இதுதான்.

அப்போ என்னதான் வழி?

டிகிரியை வடிவமைக்க முடியாது. ஆனால் டிகிரியைச் சுற்றி இருப்பதை வடிவமைக்கலாம். இதை ஒரு வீடு கட்டுகிற மாதிரி யோசித்துப் பாருங்கள். அஸ்திவாரம் என்பது அங்கீகாரம் பெற்ற ஒரு அடிப்படைப் பட்டம். அதில் பரிசோதனை எல்லாம் செய்யக்கூடாது. அதன் மேல் எழுப்புகிற சுவர்கள் உங்கள் விருப்பம்: மொழி, களப்பணி, கூடுதல் சான்றிதழ், முதுநிலைப் படிப்பு.

இதில் தொடங்க வேண்டிய இடம் காலேஜ் பட்டியல் இல்லை. உங்கள் தெருதான். உங்கள் மக்களுக்கு எந்த நோயில், எந்த இடத்தில் உதவி அறுந்துபோகிறது என்று முதலில் கவனியுங்கள்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரண வகைக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயில் இருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. நிக்ஷய் ஐடி இருந்தால் எந்த மாநிலத்துக்குப் போனாலும் சிகிச்சையைத் தொடரலாம். அதாவது மருந்து இருக்கிறது, பணம் இருக்கிறது, வசதியும் இருக்கிறது.

ஆனாலும் ஒரு கட்டுமானத் தொழிலாளி இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடலாம். ‘ஐடியைக் கையோடு கொண்டுபோ, அங்கே காட்டு’ என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லவில்லை என்றால், அத்தனை வசதியும் வீண். பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் அபாயம் உண்டு. அவரோடு ஒரே ரூமில் தங்குகிற ஏழெட்டுப் பேருக்கும் அது ஆபத்து.

இந்த இடத்தில் தேவைப்படுவது இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் இல்லை. ஒடியாவும் தமிழும் தெரிந்த ஒரு நர்ஸ், அல்லது ஒரு மருத்துவச் சமூகப் பணியாளர். அந்த இரண்டாவது மொழியை எந்தக் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை. அது அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இது சின்ன எண்ணிக்கை உள்ள மக்களின் பிரச்சினையும் இல்லை. 2015-ல் தமிழ்நாடு தொழிலாளர் துறைக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் சுமார் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பது தெரியவந்தது. அதிகம் பேர் இருந்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தாம்பரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

தென் சென்னைப் புறநகரில் என்ன இருக்கிறது?

காசநோய் என்றதும் தாம்பரம் சானடோரியம் நினைவுக்கு வரும். இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய அனுபவத்தோடு வந்து இங்கே ஆரம்பித்தார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. பின்னாளில் எச்ஐவி சிகிச்சைக்கும் இது பெரிய மையமாக மாறியது.

தரமணியில் உள்ள விஎச்எஸ் மருத்துவமனையின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் அமைப்பு, சென்னைக்குத் தெற்கே உள்ள கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை நடத்தியது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே முதலுதவிப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தது. ‘நம்ம ஊர் ஆள் சொன்னால்தான் நம்ம ஜனம் கேட்கும்’ என்ற எண்ணம் இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை.

படிப்பு என்று பார்த்தால், கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சமூகப் பணிப் படிப்பு இருக்கிறது. அரசு எம்பிபிஎஸ் படிப்புக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் மறுவாழ்வு சார்ந்த படிப்புகள். குரோம்பேட்டை முதல் காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் வரை தனியார் மருத்துவ, நர்சிங் கல்லூரிகள் வரிசையாக உள்ளன. கொஞ்சம் தள்ளிப் போனால் எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். பட்டம் முடித்தபின் பொது சுகாதாரத்தில் முதுநிலை படிக்க நினைப்பவர்களுக்கு ஆயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது.

எந்த வழி யாருக்கு?

நோயாளியோடு நேரடியாக வேலை செய்ய ஆசை, சீக்கிரம் வேலையும் வேண்டும் என்றால் பி.எஸ்சி நர்சிங் நல்ல அஸ்திவாரம். 4 வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் இதுவரை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடந்துவருகிறது.

ஆலோசனை சொல்வது, குடும்பங்களோடு பேசுவது, அரசுத் திட்டங்களில் சேர்த்துவிடுவது பிடிக்கும் என்றால் பிஎஸ்டபிள்யூ, பிறகு எம்எஸ்டபிள்யூ. முதுநிலையில் மருத்துவ - மனநலச் சமூகப் பணி என்ற சிறப்புப் பிரிவு பல கல்லூரிகளில் உண்டு. களப்பணி கட்டாயம் என்பதால், எந்த மருத்துவமனையில், எந்த மக்களோடு வேலை செய்வது என்பதைத் துறையிடம் கேட்டுப் பெற வாய்ப்பு இருக்கிறது. ‘எனக்கு இந்தி தெரியும், தொழிலாளர் குடியிருப்பில் போடுங்க’ என்று ஒரு மாணவி கேட்டால், எந்தப் பேராசிரியரும் சந்தோஷப்படத்தான் செய்வார்.

எம்பிபிஎஸ்தான் கனவு என்றால் நீட் தேவை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆனால் பெற்றோர் வேறு மாநிலத்தவர் என்றால் சாதிச் சான்றிதழ் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, பிசி பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சொந்த மாநிலச் சான்றிதழ் இங்கே செல்லும் என்று நம்பிக் கடைசி நேரத்தில் ஏமாற வேண்டாம். கவுன்சலிங் கையேட்டில் இருப்பிட விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

கூடுதல் பாடம் சேர்த்துக்கொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்க 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதி கொடுத்தது. ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வயம் தளத்தில் படிக்கும் ஆன்லைன் பாடங்களுக்கும் கிரெடிட் உண்டு. ஆனால் உங்கள் பல்கலைக்கழகமும், சம்பந்தப்பட்ட கவுன்சிலும் ஒத்துக்கொண்டால்தான் இது செல்லும். சேரும் முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் ஒரு முக்கிய எச்சரிக்கை. உளவியல், ஊட்டச்சத்து போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கை முதல் இந்தத் தடை அமலில் இருக்கிறது. ‘வீட்டில் இருந்தே சைக்காலஜி டிகிரி’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், பணம் கட்டாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஈழத் தமிழ் மாணவர்களுக்கு என்ன சிக்கல்?

1983-க்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்பவர்கள் 34,087 பேர். அதே ஆண்டில்தான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. கல்வி உதவித்தொகையும் உயர்ந்தது.

பெயர் மாறியது. குடியுரிமை மாறவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள். அதன்பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் குறைந்தது ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. எனவே இன்று ப்ளஸ் டூ படிக்கும் முகாம் பிள்ளை இங்கேயே பிறந்திருந்தாலும் பெரும்பாலும் சட்டப்படி இந்தியர் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

எம்ஜிஆர் ஆட்சிக் காலத்தில் தொழிற்கல்வியில் இவர்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு அந்தக் கதவு மூடியது. பின்னர் சில படிப்புகளுக்கு மட்டும் வழி திறந்தது. இன்றும் நீட் விண்ணப்பத்தில் ‘அகதி’ என்று தனிப் பிரிவு இல்லை.

ஆகவே முகாம் மாணவர் ஒருவர் ஹெல்த் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்க்கை கிடைக்குமா? படித்து முடித்ததும் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? அரசு வேலைக்குக் குடியுரிமை பெரும்பாலும் அடிப்படைத் தகுதி என்பதால், தனியார் துறையிலோ தொண்டு நிறுவனங்களிலோ வேலை இருக்கிறதா? நாளை இலங்கை திரும்பும் எண்ணம் இருந்தால், அங்கே அந்தப் பட்டம் செல்லுமா என்ற நான்காவது கேள்வியும் உண்டு. உதாரணத்துக்கு, வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர்கள் இலங்கை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ய தனித் தேர்வு எழுத வேண்டும்.

இவ்வளவு தடை இருந்தும் வழி போட்டவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி.சந்திரஹாசன் 1980-களில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளையே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. தன் மக்களின் வலி தெரிந்தவர்கள் கையில் கொஞ்சம் பயிற்சியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

கடைசியாக ஒரு விஷயம்

அப்ளிகேஷன் போடும் முன் ஒரு தாளை எடுங்கள். மேலே உங்கள் மக்களின் ஒரே ஒரு பிரச்சினையை எழுதுங்கள். அதன் கீழே, அதைச் சரிசெய்ய சட்டப்படி யாருக்கு அனுமதி இருக்கிறது என்று எழுதுங்கள்: நர்ஸா, சமூகப் பணியாளரா, டாக்டரா? அதற்கான டிகிரிக்கு எந்த கவுன்சில் அங்கீகாரம் வேண்டும் என்பதை அடுத்த வரியில். கல்லூரியின் பெயர் கடைசி வரியில்தான் வர வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கல்லூரி, பிறகு கோர்ஸ், ‘சேவை’ என்பது இன்டர்வியூவில் சொல்வதற்கு மட்டும்.

ஆஸ்பத்திரி க்யூவில் அம்மாவுக்காகப் பேசிய பிள்ளை பாதி வேலையை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. மீதிப் பாதிக்கு அங்கீகாரம் உள்ள ஒரு பட்டம் வேண்டும். அதைச் சரிபார்க்காமல் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள்.