மூணாவது கியர் இல்லாத கோல்ஃப் பை

பைக்ல ரெண்டாவது கியர்ல இருந்து நேரா நாலாவதுக்குத்தான் போக முடியும்னு வெச்சுக்கோங்க. ஓட்டலாம். ஆனா நடுவுல ஒரு வேகத்துல வண்டி திணறும். என் மாமாவோட கோல்ஃப் பை அப்படித்தான் இருந்துச்சு.

1998-ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில கார் தயாரிக்க ஆரம்பிச்சதுல இருந்து, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரங்களும் கோல்ஃப் பைகளும் சகஜம். மாமா நந்தனம் கோல்ஃப் மைதானத்துல கேடி. (அந்தக் கேடி இல்லங்க, பை தூக்கி, எந்தக் கிளப்னு சொல்லிக் குடுக்குறவர்.) 20 வருஷமா மத்தவங்களுக்குக் கிளப் எடுத்துக் குடுக்குறாரு. அவர்கிட்ட இருக்குறது யாரோ குடுத்த பழைய செட். கேடிகளுக்கான போட்டி வருது. "மாப்ள, 90 கெஜத்துக்கு எங்கிட்ட கிளப்பே இல்லடா"ன்னார்.

ஏன் இல்ல? கிளப் முகம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கிற கோணத்துக்கு லாஃப்ட்னு பேரு. சாய்வு கூடினா பந்து உயரமா போகும், தூரம் குறையும். முன்னாடி பிட்சிங் வெட்ஜ் 48-50 டிகிரி இருக்கும். 'எங்க கிளப் அதிக தூரம் போகும்'னு காட்ட, கம்பெனிகள் லாஃப்ட்டைக் குறைச்சு 44-க்குக் கொண்டு வந்துட்டாங்க. சாண்ட் வெட்ஜ் மட்டும் 56-லயே நின்னுடுச்சு. ஓட்டை அங்கதான்.

முதல் வேலை, அளக்குறது. ஒவ்வொரு கிளப்லயும் பத்து பந்து. ரொம்ப நல்லதையும் ரொம்ப மோசமானதையும் விட்டுட்டு, உருண்டதைச் சேர்க்காம, பந்து விழுந்த இடம் மட்டும் கணக்கு. மாமாவுக்கு பிட்சிங் வெட்ஜ் 110 கெஜம், சாண்ட் வெட்ஜ் 75. இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது: 3-ம் நம்பர் அயர்னும் 4-ம் நம்பரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்! சாய்வு கம்மியான கிளப்புக்கு வீச்சு வேகம் வேணும். அது இல்லன்னா பந்து மேலயே எழும்பாது. விதிப்படி பையில 14 கிளப்தான். அதனால 3-ம் நம்பர் வெளிய.

அந்த இடத்துக்கு ஒரு பழைய 52 டிகிரி வெட்ஜ் வாங்கினோம். 44-க்கும் 56-க்கும் சரி நடு 50. ரெண்டு டிகிரி வளைக்கணும்.

இங்கதான் மெட்டீரியல் சயின்ஸ். ஒத்திகைக்கு எடுத்த ஒரு பழைய கிளப்பை வைஸ்ல மாட்டி வளைச்சேன். கழுத்துல 'டிக்'னு விரிசல். அது வார்ப்பு, கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஃபோர்ஜ் பண்ணின மென்மையான கார்பன் ஸ்டீல்தான் நல்லா வளையும். அதுக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல ஆசைப்படாதீங்க. சூடு காட்டவும் கூடாது, உள்ள தண்டை ஒட்டியிருக்குற எபாக்ஸி இளகிடும். நல்லவேளை, வாங்கின வெட்ஜ் ஃபோர்ஜ்டு. அலுமினியத் தகடு வெச்சு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு, ஒவ்வொரு தடவையும் கோணம் பார்த்தோம். ஸ்பிரிங்-பேக் இருக்கு, விட்டா கொஞ்சம் திரும்பி வரும்.

ஒரு விலையும் உண்டு. லாஃப்ட் ரெண்டு டிகிரி குறைஞ்சா, அடிப்பகுதி மண்ணுல புதையாம காப்பாத்துற பவுன்ஸ் கோணமும் ரெண்டு டிகிரி குறையும். இறுகின தரையில பரவாயில்ல, ஈர மண்ணுல கவனமா இருக்கணும்.

இப்போ வரிசை 110, 93, 75. போட்டி அடுத்த மாசம். நேத்து மாமா போன்ல சொன்னது: "இத்தன வருஷத்துல முதல் தடவையா எனக்கே ஒரு கிளப் எடுத்துக் குடுத்துக்கிட்டேன் மாப்ள."